உராய்வற்ற தளத்தில் சில இயங்குதளங்கள்

விண்டோஸ், லினக்ஸ், மேக் என்ற மூன்று பெயர்களோடு இயங்குதளங்களின் வரிசை முடிந்துவிடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கைபேசியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் இரண்டு பெயர்கள். இவற்றுக்கு வெளியே, சிறு குழுக்களாலும் சில வேளைகளில் தனி ஒருவராலும் எழுதப்பட்டு, இலவசமாகவே கிடைக்கும் இயங்குதளங்கள் பல இருக்கின்றன. ஹைக்கூ, பிளான் 9, மினிக்ஸ், கோலிப்ரி, ரியாக்ட் ஓ.எஸ். ஆகியவை அவற்றுள் சில. நம் கணிப்பொறியின் வன்தட்டில் கை வைக்காமலே, அதனுள் 'மெய்நிகர் எந்திரம்' ஒன்றை அமைத்து இவற்றை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். சென்ற கோடை விடுமுறையில் நான் அதைச் செய்தேன். கண்டவற்றைப் பற்றிய என் மதிப்பீட்டை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

இத்தகைய இயங்குதளங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார் நிறுவுவார்கள், திரையைப் படம் எடுப்பார்கள், 'அடடா, எவ்வளவு வேகம்!' என்று வியந்துவிட்டு அழித்துவிடுவார்கள். மற்றொரு சாரார், 'இதில் என் வங்கிக் கணக்கைப் பார்க்க முடியுமா? முடியாதென்றால் எதற்கு இது?' என்று கேட்டு ஒதுக்கிவிடுவார்கள். இரண்டும் சரியான திறனாய்வு ஆகாது. முதல் சாரார் மெய்நிகர் எந்திரம் எதை மறைக்கிறது என்று பார்ப்பதில்லை. இரண்டாம் சாரார் கேட்கும் கேள்வி அந்த இயங்குதளத்தை எழுதியவர் கேட்டுக்கொண்ட கேள்வியே அன்று.

எந்திரத்துக்குள் எந்திரம்

மெய்நிகர் எந்திரம் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். பின்னால் சொல்லப்போகும் குறைகளுக்கு அது அடிப்படை.

கணிப்பொறியின் மையச் செயலகம் ஏற்கும் ஆணைகள் இரு வகைப்படும். கூட்டுதல், கழித்தல், ஒப்பிடுதல் போன்றவற்றை எந்த நிரலும் இடலாம். நினைவகப் பங்கீட்டை மாற்றுவது, வெளிக்கருவிகளோடு நேரே பேசுவது போன்றவை இயங்குதளத்துக்கு மட்டுமே உரியவை. சாதாரண நிரல் ஒன்று இந்த உரிமை ஆணைகளை இட முயன்றால், செயலகம் அதைத் தடுத்து நிறுத்திக் கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடும். மெய்நிகர் எந்திரம் இந்தத் தடுப்பையே தன் கருவியாக்கிக்கொள்கிறது. உள்ளே வரும் இயங்குதளத்தை விருந்தாளி என்று அழைப்பது வழக்கம். விருந்தாளி சாதாரண நிரல் போலவே ஓடவிடப்படுகிறது. தன்னை அரசன் என்று எண்ணி அது உரிமை ஆணை ஒன்றை இடும், செயலகம் தடுக்கும், மேற்பார்வை நிரல் குறுக்கிட்டு, அந்த ஆணையால் விளைந்திருக்க வேண்டிய விளைவைத் தானே போலியாக உண்டாக்கிக் கொடுத்து, 'ஆயிற்று, மேலே நட' என்று அனுப்பிவிடும். தான் ஏமாற்றப்பட்டது விருந்தாளிக்குத் தெரிவதே இல்லை.

கருத்து புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்தார்கள், 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு செயலகம் இதற்கு ஏற்றதாக இருக்க என்னென்ன நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பதை 1974-இல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற இருவர் வகுத்துக் காட்டினர். நம் மேசைக் கணிப்பொறிகளில் உள்ள இன்டெல் வகைச் செயலகங்கள் அந்த நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை. அவற்றில் சில ஆணைகள் தடுக்கப்படுவதற்கு மாறாக, ஓசையின்றி ஒன்றும் செய்யாமல் போய்விடும். 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம், அத்தகைய ஆணைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதும் உத்தியால் இதைச் சமாளித்தது. 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் செயலகத்திலேயே வேண்டிய வசதியைச் சேர்த்துவிட்டன. இன்று கியூ-எமு, விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற இலவச நிரல்களைக் கொண்டு எவரும் இதைச் செய்யலாம்.

செயலகம் போகட்டும், வெளிக்கருவிகளின் கதை என்ன? விருந்தாளிக்குக் காட்டப்படும் வன்தட்டு, திரை அட்டை, வலை அட்டை எல்லாம் போலிகளே. எந்தக் கருவியின் போலி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கியூ-எமு தன் வழக்கமான ஏற்பாட்டில் காட்டுவது 1996-இல் வெளிவந்த இன்டெல் 440எஃப்.எக்ஸ். என்ற சில்லுத் தொகுதியை. அதனோடு இணைந்திருப்பது இ1000 என்ற பழைய, எல்லோருக்கும் தெரிந்த வலை அட்டை. உங்கள் மடிக்கணிப்பொறியில் நேற்று வந்த வைஃபை அட்டை இருக்கலாம். விருந்தாளியின் கண்ணுக்கு அது கம்பி வழி வந்த இ1000 ஆகவே தோன்றும்.

இயற்பியல் மாணவர்க்கு இது பழக்கமான சங்கதி. 'உராய்வற்ற தளத்தில் 2 கிலோகிராம் நிறையுள்ள கட்டை ஒன்று...' என்று கணக்கைத் தொடங்குகிறோம் அல்லவா? மெய்நிகர் எந்திரம் என்பது அந்த உராய்வற்ற தளம். நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்களின் ஆயிரக்கணக்கான அட்டைகள், அவற்றின் வெளியிடப்படாத விவரங்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும் குணங்கள் ஆகிய எல்லா உராய்வும் அங்கே நீக்கப்பட்டுவிடுகிறது. லினக்ஸ் கருவின் மூல நிரலில் பாதிக்கு மேல் இந்த உராய்வைச் சமாளிக்கும் இயக்கி நிரல்களே. சிறு குழு ஒன்றால் எழுத முடியாத பகுதியும் அதுதான். ஆகவே மெய்நிகர் எந்திரத்தில் எல்லா இயங்குதளமும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அங்கே ஓடியவற்றை நான் பென் டிரைவில் ஏற்றி உண்மைக் கணிப்பொறியில் தொடங்கியபோது ஒன்றில் ஒலி எழவில்லை. ஒன்றில் வலை இல்லை. ஒன்று கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது.

இதை வைத்து மெய்நிகர் எந்திரம் வீண் என்று சொல்லலாமா? கூடாது. உராய்வை நீக்கிப் பார்த்ததால்தான் கலிலியோவுக்கு இயக்கத்தின் விதி தென்பட்டது. இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் கருத்தைப் பார்க்க இது உகந்த இடம். அது நாளைக்கு உங்கள் மேசைமேல் பயன்படுமா என்பதைப் பார்க்க உகந்த இடம் அன்று. அதனால் ஒவ்வொன்றிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: நான் நாள்தோறும் பயன்படுத்தும் இயங்குதளத்தில் காண முடியாத எதை நீ எனக்குக் காட்டுகிறாய்?

சிறியது என்பதே சிறப்பா?

முதலில் கோலிப்ரி. மெனுயெட் என்ற இயங்குதளத்திலிருந்து 2004-இல் பிரிந்து வந்தது. ஏறத்தாழ முழுவதும் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. சாளரங்கள், விளையாட்டுகள், படம் பார்க்கும் நிரல் எல்லாம் சேர்ந்து 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் அடங்கிவிடுகின்றன. மெய்நிகர் எந்திரத்தில் நீங்கள் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் திரை வந்துவிடும்.

வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வியப்பைக் கொஞ்சம் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். பல பயனர்களைப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு இதில் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளை முறைப்படி கோத்துக் காட்டும் பகுதி இல்லை. நல்ல தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றே அந்த ஃபிளாப்பியில் கணிசமான இடத்தை அடைத்துக்கொள்ளும். 'இவ்வளவு சிறியது' என்ற புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம், 'எதையெதை விட்டுவிட்டதால்?' என்ற கேள்வியும் எழ வேண்டும். விடப்பட்டவற்றில் நம் மொழியும் ஒன்று. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அசெம்பிளி மொழியைத் தேர்வுக்காகப் படித்து மறந்த மாணவர் எவரும், முழு இயங்குதளம் ஒன்று அதில் எழுதப்பட்டிருப்பதைத் திறந்து பார்க்கலாம் என்பது சிறிய ஆதாயமன்று.

ரியாக்ட் ஓ.எஸ். பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்களையும் இயக்கி நிரல்களையும் அப்படியே ஓட்டவல்ல திறந்த இயங்குதளம் ஒன்றைச் செய்வது அவர்கள் நோக்கம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியவர்கள் 2025 மார்ச்சில் 0.4.15 பதிப்பை வெளியிட்டார்கள். இன்னும் அதைச் சோதனை நிலை என்றே அவர்களே குறிக்கிறார்கள். உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றின் நிழலை மிதிக்க முயலும் வேலை இது. என் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை; ஏனெனில் வேறு ஒன்றைப் போலவே இருப்பதுதான் அதன் குறிக்கோள்.

செத்துப் பிழைக்கும் இயக்கிகள்

மினிக்ஸ் அப்படியன்று. ஆம்ஸ்டர்டாம் விரிஜே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் 1987-இல் தம் பாடநூலுக்கு இணையாக எழுதியது இது. மூல நிரலில் சுமார் 12,000 வரிகளை அந்த நூலிலேயே அச்சிட்டிருந்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அவர் கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருந்தது மினிக்ஸ்தான். 1992 சனவரியில் இருவருக்கும் நடந்த வாதம் கணிப்பொறி உலகில் பெயர் பெற்றது. இயங்குதளத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கருவுக்குள் திணிப்பது பின்னோக்கிய வேலை என்றார் டனன்பாம். வேகமும் எளிமையும் அதில்தான் என்று நின்றார் டோர்வால்ட்ஸ். சந்தையில் யார் வென்றார் என்பது நமக்குத் தெரியும்.

2005-இல் வந்த மினிக்ஸ் 3, தோற்றவர் தரப்பின் முழு வாதம் எனலாம். இதில் கரு மிகச் சிறியது. வன்தட்டு இயக்கி, வலை இயக்கி, கோப்பு முறை யாவும் கருவுக்கு வெளியே தனித்தனி நிரல்களாக, ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று தொட முடியாதபடி ஓடுகின்றன. மேலே 'மறுபிறவிச் சேவகன்' என்று பெயர் பெற்ற காவல் நிரல் ஒன்று சுற்றிவருகிறது. இயக்கி ஒன்று செத்தால் அதை மீண்டும் பிறப்பிப்பது அதன் வேலை.

இதைச் சோதித்துப் பாருங்கள். மினிக்ஸில் வலையிலிருந்து கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது, வலை இயக்கியின் எண்ணைக் கண்டுபிடித்து அதைக் கொன்றுவிடுங்கள். வேறு இயங்குதளங்களில் இயக்கி ஒன்று தவறினால் முழுக் கணிப்பொறியும் நின்றுவிடுவது உண்டு. நீலத் திரையைப் பாராதவர் யார்? இங்கே ஒரு கணம் தயக்கம்; பிறகு அந்த இயக்கி வேறோர் எண்ணோடு பட்டியலில் வந்து நிற்கிறது. டனன்பாமின் குழுவினர் இயக்கிகளில் லட்சக்கணக்கான பிழைகளை வேண்டுமென்றே புகுத்தி இந்த ஏற்பாட்டைச் சோதித்தார்கள்.

இதற்கு விலை உண்டு. ஒரே கருவுக்குள் இருந்தால் நேராக அழைத்துவிடக்கூடிய வேலைக்கு, இங்கே நிரலுக்கு நிரல் செய்தி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் நேரம் செலவாகிறது. மற்றொரு குறை, திட்டம் தேங்கிவிட்டது. 3.3 பதிப்பு 2014-இல் வந்தது. 2017-இல் வந்த முன்னோட்டத்துக்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை. ஆயினும் மினிக்ஸ் இறந்துவிட்டதாக எழுதிவிட முடியாது. 2015-க்குப் பின் வந்த இன்டெல் செயலகங்கள் பலவற்றோடு இணைந்துள்ள மேலாண்மைப் பகுதியில், பயன்படுத்துவோருக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பது மினிக்ஸ்தான் என்பது 2017-இல் வெளிப்பட்டது. டனன்பாமுக்கே அது செய்திதான். 'யாரும் பயன்படுத்தாத' மினிக்ஸை நாம் விருந்தாளியாக உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் உடன்பிறப்பு நம் செயலகத்துக்குப் பக்கத்திலேயே விழித்திருக்கலாம்! இது மகிழத்தக்கதா என்பது வேறு விஷயம். எவரும் பார்வையிட முடியாத இடத்தில் ஓர் இயங்குதளம் ஓடுவது எனக்கு உவப்பாக இல்லை.

பிளான் 9-உம் நம் ககரமும்

நான் அதிக நாள் செலவிட்டது பிளான் 9-இல். யூனிக்ஸைச் செய்த பெல் ஆய்வகத்தார், அதன் குறைகளை நன்கு உணர்ந்தபின் 1980-களின் நடுவில் மறுபடி தொடங்கி எழுதியது. 1992-இல் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். பெயர் மட்டும் மட்டமான திரைப்படம் ஒன்றிலிருந்து வேடிக்கைக்காக எடுத்தது. இன்று பலரும் ஓட்டிப் பார்ப்பது அதிலிருந்து 2011-இல் கிளைத்த 9ஃபிரண்ட்.

முதல் பார்வையில் ஏமாற்றமே மிஞ்சும். வெளிறிய திரை, படக் குறிகள் இல்லை, எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. மவுஸில் மூன்று பொத்தான்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மடிக்கணிப்பொறியின் தடவுதிண்டோடு இதைப் பயன்படுத்துவது தண்டனை. இன்றைய வலைப்பக்கங்களை முழுமையாகக் காட்டும் உலாவியும் இல்லை. பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

பொறுத்திருந்தால் வேறொன்று தெரியும். 'எல்லாம் கோப்பே' என்று யூனிக்ஸ் பாதி சொல்லி நிறுத்தியதை இது முழுவதும் செய்து காட்டுகிறது. திரை ஒரு கோப்பு, மவுஸ் ஒரு கோப்பு, ஓடும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பகம். வேறொரு கணிப்பொறியோடு தொடர்புகொள்ளத் தனி அழைப்புகள் கிடையாது. வலைக் கோப்பகத்தில் உள்ள கோப்பு ஒன்றைத் திறந்து, எழுதி, படித்தால் போதும். இந்தக் கோப்புகள் எந்த எந்திரத்தில் இருந்தாலும் 9பி என்ற ஒரே நெறிமுறையில் பேசிக் கொண்டுவரலாம். ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கென ஒரு கோப்பு உலகத்தை அமைத்துக் கொடுக்கலாம். விளைவைக் கேளுங்கள்: அடுத்த ஊரில் உள்ள எந்திரத்தின் வலைக் கோப்பகத்தை என் எந்திரத்தில் பொருத்திக்கொண்டால், என் நிரல்கள் அந்த ஊரிலிருந்தே வலையில் பேசும். பிறர் தனி நிரல் எழுதிச் செய்யும் காரியம், இங்கே ஒரு வரி ஆணை. சாளர நிரலுக்கு உள்ளேயே அதே சாளர நிரலை மறுபடி ஓட்டலாம். உள்ளே இருப்பதற்கும் திரை, மவுஸ் என்ற பெயரில் கோப்புகள் கிடைத்துவிடுவதால் அது வேறுபாடு அறியாது. மெய்நிகர் எந்திரம் செய்வதும் இதே போன்ற ஏமாற்றுத்தான் என்பதைக் கவனித்தீர்களா?

விர்ச்சுவல் பாக்ஸ், கியூ-எமு வழியே இந்த இயங்குதளத்தை ஓட்டுவோர் அறியாத மற்றொரு செய்தி உண்டு. கியூ-எமுவில் வெளியே உள்ள கோப்பகத்தை விருந்தாளியோடு பகிர்ந்துகொள்ளும் வழிகளில் ஒன்று அந்த 9பி நெறிமுறையே. விண்டோஸ் தன்னுள் ஓடும் லினக்ஸோடு கோப்புகளைப் பகிர்வதற்கும் 2019 முதல் அதையே பயன்படுத்துகிறது.

இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில், மேசைமேல் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், கென் தாம்சன் ஓர் எழுத்துக் குறிமுறையை வரைந்தார். உடன் இருந்தவர் ராப் பைக். சில நாட்களுக்குள் பிளான் 9 முழுவதும் அதற்கு மாற்றப்பட்டது. யூ.டி.எஃப்.-8 என்பது அதுவே. அது தமிழை எப்படிச் சேமிக்கிறது? 'க' என்ற எழுத்துக்கு யூனிகோடு தந்துள்ள எண் 2965. இதை 64-ஆல் பிரித்தால் 46 × 64 + 21. முதல் பைட்டில் 224; அடுத்ததில் 128 + 46 = 174; அதற்கடுத்ததில் 128 + 21 = 149. ஆக மூன்று பைட்டுகள். எல்லாமே 128-க்கு மேல் இருப்பதைக் காண்க. ஆங்கில எழுத்துகளும் கோப்புப் பெயர்களில் வரும் சாய்கோடும் 128-க்குக் கீழே இருப்பவை. அதனால் தமிழ்ப் பெயர் வைத்த கோப்பைப் பழைய நிரல்கள் தவறாகத் துண்டிக்க வழியே இல்லை. இதற்கு முன் இருந்த குறிமுறையில் அந்த ஆபத்து இருந்தது. இன்று நம் கைபேசிகளில் பறக்கும் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் இந்த மூன்று பைட்டு வடிவில்தான் போகின்றன. பத்துப் பேர்கூடப் பயன்படுத்தவில்லை என்று கேலி செய்யப்படும் இயங்குதளத்தில் பிறந்த குறிமுறை இது.

அப்படியானால் பிளான் 9-இல் தமிழ் அழகாகத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். 'கெ' என்பதைச் சேமிக்கும்போது முதலில் ககரமும் பிறகு ஒற்றைக் கொம்பும் வருகின்றன. திரையில் வரையும்போதோ கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். பிளான் 9-இன் வரைமுறையோ, ஒரு குறியெண்ணுக்கு ஒரு வடிவம், வந்த வரிசையிலேயே வரை என்பது. தமிழ் எழுத்துருவை ஏற்றினாலும் கொம்பு இடம் மாறித்தான் நிற்கும். உலகின் எல்லா எழுத்துகளையும் சேமிக்க வழி கண்டவர்கள், எல்லா எழுத்துகளையும் எழுதிக் காட்டும் வழியைப் பிறருக்கு விட்டுவிட்டார்கள். எளிமை என்ற பெயரால் செய்யப்பட்ட இந்த விடுபாட்டை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. உலகில் பலரின் எழுத்து இடமிருந்து வலமாகத் தனித்தனி அச்சுக்கட்டைகளாக நிற்பதில்லை.

நாள்தோறும் பயன்படக்கூடியது

இவற்றுள் ஒன்றைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னால் ஹைக்கூவைச் சொல்வேன். பி நிறுவனம் 1990-களில் செய்த பி.ஓ.எஸ். ஆப்பிளால் வாங்கப்படும் நிலைக்கு வந்தது. 1996 இறுதியில் ஆப்பிள் நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது, 2001-இல் பி.ஓ.எஸ். கைமாறி முடங்கியது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் அதைப் புதிதாகத் திரும்ப எழுதத் தொடங்கினர். முதல் பீட்டா 2018-இல் வந்தது, ஐந்தாவது 2024-இல். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் முதற் பதிப்பு என்று முத்திரையிட்டு இன்னும் வெளிவரவில்லை.

ஹைக்கூ காட்டும் புதுமை அதன் கோப்பு முறையில் உள்ளது. கோப்போடு பல பண்புகளை ஒட்டிவைத்து, தரவுத்தளம் போல வினவலாம். ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு; அனுப்பியவர், பொருள், நாள் எல்லாம் அதன் பண்புகள். 'இன்னார் அனுப்பிய, இன்னும் படிக்காத கடிதங்கள்' என்று ஒருமுறை வினவி வைத்தால், புதிய கடிதம் வந்ததும் அந்தப் பட்டியல் தானே நீளும். இதற்குத் தனி அஞ்சல் நிரலின் தயவு வேண்டியதில்லை. ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி இழை ஓடுவதால் ஒன்று திணறினாலும் மற்றவை கையசைவுக்குப் பதில் தருகின்றன. குறை என்னவென்றால், இது ஒரே பயனருக்கான அமைப்பு. நீங்கள் ஓட்டும் எந்த நிரலும் உங்கள் எல்லாக் கோப்புகளையும் தொடலாம். 1990-களில் பொறுத்துக்கொள்ளப்பட்ட இந்தத் தாராளம் இன்று பொருந்தாது.

'இயங்குதளம் என்றால் என்ன?' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்துவிட்டு, ஆய்வகத்தில் எதையும் தொடக்கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையின் கீழ் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் ஏராளம். மெய்நிகர் எந்திரத்தில் தொடலாம், கெடுக்கலாம், கெடுப்பதற்கு முன் நிலையைப் பதிந்துவைத்துக்கொண்டு ஒரு நொடியில் திரும்பலாம். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் மினிக்ஸ், பிறகு பிளான் 9, நேரமிருந்தால் ஹைக்கூ. கோலிப்ரிக்கு 64 மெகாபைட் நினைவகம் ஒதுக்கினாலே மிச்சம் இருக்கும். ஹைக்கூவுக்கு 2 கிகாபைட் கொடுத்தால் நிம்மதி. மினிக்ஸில் இயக்கியைக் கொல்லும் சோதனையை இரண்டு முறையாவது செய்யுங்கள்.

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய கணிப்பொறி இருந்தால், ஹைக்கூவைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல், அதில் நேராகவே தொடங்கிப் பாருங்கள். உராய்வு எவ்வளவு என்பது அப்போது தெரியும். எந்தக் கருவி விழித்தது, எது விழிக்கவில்லை என்று கருவியின் பெயரோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தார் பயன்படுத்துவோரிடம் கேட்பதும் அத்தகைய குறிப்புகளைத்தான்.